காட்டிக்கொடுக்கும் சிறுநீர்!

கல்லீரல் கெட்டவருக்குச் சிறுநீரகமும் படுத்துவிட்டால் மருத்துவருக்குக் கிடைப்பது ஓரிரு நாள் அவகாசம்தான். அந்த அவகாசத்துக்குள் 'இது எந்த வகைக் கோளாறு' என்று சொல்லக்கூடிய ஒரு சிறுநீர்ச் சோதனையைப் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் அதற்கு என்ன வேலை?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அரிவாள்மணையில் அறுத்து எடுத்திருக்கிறார் அந்தப் பெண்மணி. பக்கவாட்டில் பேனாவால் கோடுகள்: 100, 200, 300, 400. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் இடது ஓரம் மணி, வலது ஓரம் அளவு. கட்டிலில் கிடப்பவர் அவருடைய கணவர். விக்கிரமசிங்கபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கையும் தோளும் வற்றிப்போய், வயிறு மட்டும் மினுமினுவென்று பெருத்திருக்கிறது. கண்ணில் மஞ்சள்.

"இவியளுக்கு நேத்து ராத்திரியில இருந்து இவ்வளவுதான் போயிருக்கு டாக்டர்" என்று இரண்டாவது கோட்டைத் தொட்டுக் காட்டுகிறார்.

கூட வந்த மருமகன் கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1. அச்சிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது. தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ எதுவும் இல்லை. "கிட்னி நல்லாத்தான் இருக்கு மாமா" என்று பஸ்ஸில் வரும்போதே தைரியம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் பைக்குள் மடங்கிக் கிடந்த பழைய தாள்களைப் பிரிக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது: 0.5.

"ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கும்மா. இன்னிக்கே அட்மிஷன் போடணும்."

எல்லைக்குள் இருக்கும் ஒரு எண்ணைப் பார்த்து மருத்துவர் ஏன் பதறுகிறார்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பதற்றத்தைப் பற்றியதுதான்.

நோய் கல்லீரலில், அடி சிறுநீரகத்தில்

கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் வருவதற்கு மது ஒரு காரணம். மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் காரணம். இப்போது சர்க்கரையும் உடல் பருமனும் கூட்டிவரும் கொழுப்புக் கல்லீரலும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஒரு சொட்டு மது தொடாதவரை 'குடிகாரர்' என்று ஊர் பேசுவது இந்த நோயில் சர்வ சாதாரணம். முதலில் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்.

சுருங்கி இறுகிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழையத் திணறுகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் தேங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. முற்றிய நிலையில் மருத்துவமனையில் சேருகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்காவது திடீர் சிறுநீரகப் பாதிப்பு வருகிறது. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'ஏ.கே.ஐ.' என்பார்கள். 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ அது ஏ.கே.ஐ. என்பது 2015 முதல் உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. ஏழு நாளைய அளவு கையில் இல்லாவிட்டால், கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த பழைய அளவோடு ஒப்பிடலாம்.

பெட்டிச் செய்தி: ஏமாற்றும் எண்
கிரியாட்டினினுக்கு மூலப்பொருளான கிரியாட்டின் பெரும்பாலும் உருவாவது கல்லீரலில், சேர்ந்திருப்பது தசையில். சிரோசிஸ் நோயாளிக்குக் கல்லீரலும் கெட்டிருக்கிறது, தசையும் கரைந்திருக்கிறது. அதனால் அவருடைய கிரியாட்டினின் இயல்பாகவே தாழ்ந்து கிடக்கும். சிறுநீரகம் பாதி வேலையை நிறுத்திய பிறகும் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே காட்டலாம். காமாலை முற்றி ரத்தத்தில் பிலிருபின் ஏறியிருந்தால், பழைய ரசாயன முறையில் அளக்கும் கருவிகள் உள்ளதையும் குறைத்துக் காட்டும். போதாக்குறைக்கு, சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் இந்த எண் ஏறவே தொடங்கும்.

மூன்று காரணங்கள், மூன்று வைத்தியங்கள்

இந்தப் பள்ளத்தாக்கில் பாசனம் தெரிந்த யாருக்கும் அடுத்த விஷயத்தைச் சொல்வது எளிது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைமடை வயல் காய்ந்தால் காரணம் மூன்றில் ஒன்று: ஆற்றிலேயே தண்ணீர் இல்லை, அல்லது தண்ணீர் இருந்தும் மேல்மடையிலேயே மொத்தமும் திரும்பிவிட்டது, அல்லது தண்ணீர் வந்து சேர்ந்தும் நிலம் உவரேறிவிட்டது.

சிறுநீரகம்தான் கடைமடை. வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, அளவுக்கு மீறிப் போட்ட, சிறுநீரைப் பெருக்கும் 'தண்ணி மாத்திரை' ஆகியவற்றால் உடம்பில் நீரே குறைந்துபோவது முதல் வகை. நீரைக் கொடுத்து, மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவதுதான் விசித்திரமானது. குடலைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் அகலமாக விரிந்து, ரத்தம் அங்கேயே தங்கிவிடுகிறது. உடம்பு அதை ரத்தக் குறைவு என்று எண்ணிச் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களை இறுக்கிவிடுகிறது. சிறுநீரகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் அது வேலை செய்யாது. ஹெபட்டோரீனல் சிண்ட்ரோம், சுருக்கமாக எச்.ஆர்.எஸ். இப்படி இறந்தவர்களின் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தால் குறிப்பிடும்படி கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் ஃபிளிண்ட் 1863-லேயே எழுதிவைத்தார். 1969-இல் அதைவிடப் பலமான சாட்சி கிடைத்தது. எச்.ஆர்.எஸ். வந்து இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து வேறு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். அவை வேலை செய்தன!

மூன்றாவது வகையில் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களே மடிந்துபோகின்றன. கிருமித்தொற்றும், ரத்த அழுத்தம் சரிவதும், சில மருந்துகளும் இதற்குக் காரணம். மருத்துவர்கள் மொழியில் ஏ.டி.என்.

வைத்தியம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. எச்.ஆர்.எஸ். என்றால் டெர்லிபிரஸின் ஊசி. விரிந்த குடல் குழாய்களை இறுக்கி, ரத்தத்தைச் சிறுநீரகப் பக்கம் திருப்பும் மருந்து இது. ஏ.டி.என்.னில் இதனால் பயன் இல்லை, தீங்குதான் மிச்சம். அங்கே டயாலிசிஸ் செய்தோ செய்யாமலோ, செல்கள் தாமாக வளரும்வரை நோயாளியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நீர்க்குறைவு என்று நினைத்து ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். 2021-இல் வெளியான 'கன்ஃபர்ம்' ஆய்வில் 300 நோயாளிகள். டெர்லிபிரஸின் பெற்றவர்களில் 32 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் மீண்டது. மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களில் 17 சதவீதம். ஆனால் மூச்சுக்கோளாறால் இறந்தவர்கள் மருந்து பெற்ற அணியில் 11 சதவீதம், மற்ற அணியில் 2 சதவீதம். பலன் உள்ள மருந்து. ஆளைத் தெரிந்து கொடுக்க வேண்டிய மருந்தும்கூட.

ஒரு இடைக்குறிப்பு. அமெரிக்கா இந்த ஊசிக்கு அனுமதி தந்தது 2022 செப்டம்பரில்தான். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்திய மருத்துவமனைகள் இதைப் பயன்படுத்துகின்றன. விலை கட்டுப்படியாகாத இடங்களில் நார்அட்ரினலின் என்ற மருந்து கைகொடுக்கிறது. கல்லீரல் திடீரென மோசமாகிச் சிறுநீரகமும் படுத்த 120 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு, டெர்லிபிரஸினே மேல் என்று 2020-இல் சொன்னது டெல்லியின் கல்லீரல், பித்த அறிவியல் நிறுவனம்.

அந்த இரண்டு நாள்

வந்திருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2015-இல் வகுத்த முறைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் இரண்டு நாள் ஆல்புமின் ஏற்ற வேண்டும். அதற்கும் கிரியாட்டினின் இறங்காவிட்டால், மற்றக் காரணங்களை விலக்கிவிட்டு எச்.ஆர்.எஸ். என்று முடிவுகட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம். நூறு மில்லி பாட்டிலில் இருப்பது 20 கிராம். நாளொன்றுக்கு மூன்று பாட்டில், இரண்டு நாளுக்கு ஆறு. மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள் என்பதால் ஒரு பாட்டிலே சில ஆயிரம் ரூபாய். வெளியில் வாங்கிவரச் சொன்னால் நகை அடகுக் கடைக்குப் போகும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் நேரம். கிரியாட்டினின் எவ்வளவு ஏறிய பிறகு டெர்லிபிரஸின் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பலன் குறையும். வைத்தியம் இல்லாத எச்.ஆர்.எஸ்.ஸில் ஆயுளை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் 2024-இல் சர்வதேச நிபுணர் குழுக்கள் கூடி, 48 மணி நேரம் ஆல்புமின் கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தின. 24 மணி நேரத்தில் மறுபடி பார்த்து முடிவெடுக்கலாம் என்கிறது புதிய பரிந்துரை. சிறுநீர்ச் சோதனை பேசுபொருள் ஆனதன் பின்னணி இதுதான்.

என்கால் என்றொரு புரதம்

பொதிகையையும் அகத்தியரையும் சொந்தம் கொண்டாடும் ஊர்களில் சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது புதிதல்ல. நீர்க்குறி, நெய்க்குறி என்று சித்த மருத்துவத்தில் தனிப் பாடமே உண்டு. சிறுநீரில் விட்ட எண்ணெய்த் துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். ஆனால் அதற்கும் இன்றைய புரதச் சோதனைக்கும் முடிச்சுப் போட்டு 'அன்றே சொன்னார்கள்' என்று பெருமை பேசும் வேலை நமக்கு வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

புரதத்தின் பெயர் என்கால். வெள்ளை அணுக்களில் முதலில் அடையாளம் கண்டது. சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் அடிபட்டால் இது சிறுநீரில் வெள்ளமாக வெளிவருகிறது என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜெயா மிஸ்ரா, பிரசாத் தேவராஜன் குழுவினர். இதய அறுவை சிகிச்சை முடிந்த 71 குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கிரியாட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆனது; என்கால் இரண்டே மணி நேரத்தில் ஏறிவிட்டது.

கல்லீரல் மருத்துவர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். செல்லே சாகும் ஏ.டி.என்.னில் என்கால் மிக அதிகம். நீர்க்குறைவில் மிகக் குறைவு. எச்.ஆர்.எஸ். இடையில் நிற்கும். பார்சிலோனா மருத்துவர்கள் சிரோசிஸில் வந்த 320 ஏ.கே.ஐ. நிகழ்வுகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு எல்லைக்கோடும் போட்டார்கள்: சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 220 மைக்ரோகிராம். அதற்கு மேல் போனால் ஏ.டி.என். பக்கம், கீழே இருந்தால் மற்ற இரண்டின் பக்கம். கே.ஐ.எம்.-1, ஐ.எல்.-18, எல்-எஃப்.ஏ.பி.பி. என்று வேறு சில புரதங்களும் போட்டியில் இருக்கின்றன. இப்போதைக்கு முன்னால் ஓடுவது என்கால்தான்.

பரவசப்படுவதற்கு முன் ஒரு முரணைச் சொல்லிவிட வேண்டும். பார்சிலோனா ஆய்வில் என்கால் மிகத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது முதல் நாளில் அல்ல. ஆல்புமின் ஏற்றி முடித்த மூன்றாம் நாளில்! இரண்டு நாளை மிச்சப்படுத்தும் என்று நம்பிய சோதனை, இரண்டு நாள் கழித்துத்தான் நன்றாகப் பேசுகிறது. முதல் நாளிலும் ஓரளவு வழிகாட்டுகிறது. அதை மட்டுமே நம்பி ஊசியைத் தொடங்கவோ நிறுத்தவோ முடியாது. எச்.ஆர்.எஸ்.ஸையும் ஏ.டி.என்.னையும் பிரிக்கும் கோடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் விழுவதும் இல்லை. ஒன்று முற்றி மற்றொன்றாக மாறுவதும் உண்டு.

இன்னொரு தொல்லை, சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று இருந்தால் வெள்ளை அணுக்களே என்காலைக் கொட்டும். சிரோசிஸ் நோயாளிகளுக்குத் தொற்று அடிக்கடி வருவது. நெல் விளையும் இந்தப் பகுதிக்கு மூன்றாவது ஒரு சிக்கலும் உண்டு: எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிறவருக்குக் காய்ச்சலோடு காமாலையும் வந்து சிறுநீரகமும் கெட்டால், அது கல்லீரல் சுருக்கமாக இல்லாமல் லெப்டோஸ்பைரா கிருமியாக இருக்கலாம். அதிலும் நுண்குழாய்கள் அடிபடும், என்கால் ஏறும். காரணம் என்ன என்பதைப் புரதம் சொல்லாது. வைத்தியமோ வேறு, ஆன்டிபயாடிக்கில் குணமாகக்கூடியது. 'வயலுக்குப் போனீங்களா?' என்ற கேள்விக்கு எந்தச் சோதனைக் கிட்டும் ஈடாகாது.

பெட்டிச் செய்தி: சில மைல்கற்கள்
1999: வயிற்று நீரில் கிருமித்தொற்று வந்த 126 சிரோசிஸ் நோயாளிகளிடம் பார்சிலோனா மருத்துவர்கள் நடத்திய ஆய்வு. ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமினும் சேர்த்தபோது சிறுநீரகப் பாதிப்பு 33 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது.
2018: ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டு நெறியில், ஏ.டி.என்.னையும் எச்.ஆர்.எஸ்.ஸையும் பிரிக்க என்கால் உதவலாம் என்று குறிப்பிட்டது.
2023 டிசம்பர்: அமெரிக்க மருந்து நிர்வாகம் முதன்முதலாக ஒரு என்கால் சிறுநீர்ச் சோதனைக்கு அனுமதி தந்தது. தீவிர சிகிச்சையில் இருக்கும் 3 மாதக் குழந்தை முதல் 21 வயது வரையிலானவர்களுக்கு மட்டும். சிரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த வயதுக்கு வெளியே.

வி.கே.புரத்திலிருந்து ஹைகிரவுண்டு வரை

பாபநாசத்திலும் வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரத்திலும் ஒருவருக்குச் சிறுநீர் குறைந்தால் என்ன நடக்கிறது? பக்கத்து கிளினிக், அப்புறம் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டித் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊர் வாயில் 'ஹைகிரவுண்டு'. சுமார் ஐம்பது கிலோமீட்டர் என்பது சாலைக் கணக்கு. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் நாளும், சனி ஞாயிறும், கூட வர ஆள் இல்லாத நாளும் சேர்ந்தால் அது வேறு கணக்கு. மருத்துவப் புத்தகம் சொல்லும் 48 மணி நேரம் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடுகிறது.

அந்தத் திண்ணையில்தான் கெடுதலும் நடக்கிறது. முழங்கால் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிரோசிஸ்காரரின் சிறுநீரகத்துக்கு நேர் எதிரி. விரல்விட்டு எண்ணக்கூடிய மாத்திரைகளே போதும், சிறுநீர் வற்றிவிடும். வயிற்று நீர் வேகமாக வடியட்டும் என்று தண்ணி மாத்திரையைத் தானாகவே இரட்டிப்பாக்குகிறவர்களும் உண்டு.

பச்சிலை வைத்தியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கீழாநெல்லிக்கு ஒரு மரியாதையான வரலாறு இருக்கிறது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் இதைச் சோதித்து 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்ற அந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னால் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்த வெற்றி கைகூடவில்லை. அது எப்படியிருந்தாலும், அந்த ஆய்வு கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றியது. வயிற்றில் நீர் கோத்து, சிறுநீர் குறைந்துபோன ஒருவருக்குப் பச்சிலை மருந்து கொடுக்கும் இடம் தேடி ஊர் ஊராக அலைவதற்கு அதில் ஆதாரம் இல்லை. அந்த நிலையில் இழக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரகத்தின் கணக்கில் கழியும்.

பெட்டிச் செய்தி: வீட்டில் கல்லீரல் நோயாளி இருந்தால்
சிறுநீரின் அளவை 24 மணி நேரத்துக்கு அளந்து எழுதுங்கள். அரை லிட்டருக்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனை. காய்ச்சல், வயிற்றுவலி, கறுத்த மலம், ரத்த வாந்தி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் இருந்தாலும் அப்படியே. மருத்துவர் பார்க்காமல் வலி மாத்திரை வேண்டாம். வாந்தியோ பேதியோ இருந்தால் தண்ணி மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒன்றுகூட எறியாதீர்கள். ஆம்புலன்சுக்கு 108, ஆலோசனைக்கு 104.

இருப்பதை முதலில் செய்யலாம்

புதிய சோதனை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வயிற்று நீரை, மருத்துவமனையில் சேர்ந்த அன்றே ஊசியில் எடுத்து, வெள்ளை அணுக்களை எண்ணுவது எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் ஆகக்கூடிய காரியம். ஒரு கன மில்லிமீட்டரில் 250 நியூட்ரோஃபில்களைத் தாண்டினால் தொற்று. 1999 ஆய்வு சொல்வதுபோல, அந்த இடத்தில் ஆல்புமின் சிறுநீரகத்தை வரும்முன் காக்கிறது. சிறுநீரைச் சுழற்றி அடியில் படிவதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் அப்படித்தான். சேற்று நிறத்தில் உருளைகள் தெரிந்தால் ஏ.டி.என்.னைச் சந்தேகிக்கலாம். காமாலை முற்றியவரின் சிறுநீரில் பித்தநிறம் ஏறிய உருளைகளும் அதேபோல் தெரியும் என்பதால் பழகிய கண் வேண்டும். சிறுநீரில் வெளியேறும் சோடியத்தின் அளவும் ஒரு துப்பு. தண்ணி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அது குழப்பும். இவை எல்லாம் குறையுள்ளவைதான். சேர்த்துப் பார்த்தால் குறை குறையும்.

தமிழ்நாட்டில் சிறுநீரகம் அரசின் கண்ணில் படாத உறுப்பு அல்ல. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே, வீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அதில் ஒரு பகுதியாக இருந்தது. 2023-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பட்டை தோய்த்துப் பார்க்கும் திட்டமும் வந்தது. ஆனால் இவை சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் மெல்ல மெல்லக் கெடும் சிறுநீரகத்துக்கானவை. இரண்டே நாளில் கெடும் சிறுநீரகத்துக்கு இன்னும் தனி ஏற்பாடு இல்லை.

என்கால் சோதனையை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்று கேட்பது வீண் செலவு. முடிவு தெரிந்த கையோடு டெர்லிபிரஸின் கொடுக்கவோ, டயாலிசிஸ் தொடங்கவோ, மாற்றுக் கல்லீரலுக்குப் பதிவு செய்யவோ வசதி உள்ள இடத்தில்தான் அதற்கு வேலை. திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அப்படிப்பட்ட இடங்கள். ஆறு பாட்டில் ஆல்புமினை யாருக்கு ஏற்ற வேண்டும், யாருக்கு நிறுத்த வேண்டும் என்று சொல்லும் சோதனை, வீணாகும் ஆல்புமினிலேயே தன் செலவில் ஒரு பங்கை ஈட்டிவிடும். நம் நோயாளிகளின் எடை, சாப்பாடு, தொற்று எல்லாம் பார்சிலோனாவிலிருந்து வேறு. 220 என்ற கோடு இங்கேயும் பொருந்துகிறதா என்பதையும் இந்த மருத்துவமனைகளே அளந்து சொல்ல முடியும்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு நம் கோரிக்கைகள் இரண்டு. அரசு ஆய்வகங்களின் கணினி ரிப்போர்ட்டில் இன்றைய கிரியாட்டினினுக்குப் பக்கத்திலேயே முந்தைய அளவையும் அச்சிட ஏற்பாடு செய்யுங்கள். இதற்குப் புது மெஷின் தேவையில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பரிசோதனைப் பட்டியலில் என்காலைச் சேர்த்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு வரும் கல்லீரல் நோயாளியிடம் அதற்குப் பணம் கேட்காத நிலையை உண்டாக்குங்கள்.